சக்கரம் வைத்த பாலத்துக்கு ஒப்புதல்

பெரம்பலூர் தனி மாவட்டமானபோது என் மேசையும் அங்கே போனது. வீடு மட்டும் அரியலூரிலேயே இருந்தது. ஆகவே ஓய்வு பெறும்வரை எனக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரே ஆள்தான். சாலையும் பாலமும் போடும் துறையில் பொறியாளர், சொந்த ஊர் திருமழபாடி, குடியிருந்தது அரியலூரில் எனக்குப் பக்கத்துத் தெருவில். நான் வருவாய்த் துறை. ஒரு கோப்பை எந்த விதியின் கீழ் திருப்பி அனுப்பலாம் என்பது எனக்குத் தெரியும். ஒரு கட்டுமானம் எந்த இடத்தில் விரிசல் விடும் என்பது அவருக்குத் தெரியும். இப்படி இரண்டு பேரை ஒரே இருக்கையில் உட்கார வைத்தால் உலகத்தில் எதுவும் நிறைவேறாது.

எங்கள் விளையாட்டு ஒரு திங்கள்கிழமை தொடங்கியது. அன்று மக்கள் மனு கொடுக்கும் நாள். விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் கிணற்று மோட்டார் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாக மனு கொடுத்தார். முதலில் ஒரு தடவை மட்டும் கையால் சுற்றிவிட வேண்டுமாம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தேன். விதி அவ்வளவுதான் சொல்கிறது, சிரிக்கச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை மாலை பஸ்வரை வைத்திருந்து பொறியாளரிடம் கொட்டினேன்.

"நம்ம ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு கண்டுபிடிச்சா என்னய்யா?" என்றார் அவர்.

அப்படித்தான் ஆரம்பம். ஒருவர் கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். அது ஏன் தேறாது என்று மற்றவர் நிரூபிக்க வேண்டும். 'பைத்தியக்காரத்தனம்' என்று சொல்வது காரணமாகாது. அது முன்னுரை மட்டுமே.

ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களுக்காக அவர் நீளமான மடக்குக் கம்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். பஸ், நிலையத்துக்குள் திரும்பும்போதே தூரத்தில் நின்று துண்டைப் போட்டுவிடலாம்.

"எல்லார் கையிலயும் கம்பு இருந்தா என்னாகும்? சீட்டுல துண்டு இருக்கும், ஆளுங்க ஆஸ்பத்திரில இருப்பாங்க" என்று தள்ளுபடி செய்தேன்.

சின்ன வெங்காயம் உரிப்பவர்களுக்காக நான் ஒரு கண்ணாடி கண்டுபிடித்தேன். லாரிக்கு இருப்பதுபோல அதில் வைப்பர் உண்டு. பொறியாளர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் வந்து சொன்னார்: "எங்க வூட்ல கேட்டேன்யா. 'வெங்காயம் உரிக்கையிலதான் ஒங்கள நெனச்சு நிம்மதியா அழுவ முடியுது, அதையும் கெடுக்காதீங்க'ன்னுட்டா." நியாயமான ஆட்சேபணை. அந்த அம்மாள் மீது எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஒரே ஒரு கண்டுபிடிப்புக்குத்தான் அவர் சிரிக்கவில்லை. அது என்னுடையது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் கொஞ்ச நாள். மற்ற நாளெல்லாம் பாலம் மணலுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. அதற்குச் சக்கரம் வைத்துவிட்டால், எந்த ஊரில் வெள்ளமோ அந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு போகலாம் அல்லவா?

"பாலத்த மட்டும் விட்டுருய்யா" என்றார். பஸ் ஊருக்குள் வரும்வரை விளக்கினார். "மேல தெரியறது பாலமில்ல. கீழ மணலுக்குள்ள கெணறு மாதிரி எறக்கி நிக்குது பாரு, அதான் பாலம். சக்கரம் வச்சா அது பாலமில்ல, சப்பரம்."

நான் என் பங்குக்கு என் கண்டுபிடிப்பையே நிராகரித்தேன். வெள்ளம் வரும்போது பாலம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும். திருப்பி அனுப்பக் கோரும் கடிதம் உரிய வழியில் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வடிந்துவிடும்.

இருவரும் ஓய்வு பெற்றோம். சில வருஷங்களில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. திருச்சி மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலது கை பிடிமானம் இழந்திருந்தது, பேச்சு உடைந்து உடைந்து வந்தது. ஆனாலும் பேசினார். அந்த நேரம் பார்த்து, நலம் விசாரிக்க அவருடைய தங்கை மகன் வந்தான். குழந்தைக்குச் சோறு ஊட்டும் குரலில், தெருமுனைவரை கேட்கும்படி, "மா... மா... சாப்... டீங்... களா?" என்றான். பொறியாளர் அவனை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அதோடு சரி. பிறகு யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை.

நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி வாசல் கேட்டிலேயே என்னை நிறுத்தினார்.

"இப்ப பேசிப் பழகினாத்தான் நாக்கு திரும்புமாம்ணே. விட்டுட்டா அப்படியே நின்னுபோயிருமாம், டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. இவரு வீம்புக்கு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. கெஞ்சியும் பாத்துட்டேன், வஞ்சும் பாத்துட்டேன். என்னைத் திட்டுறதுக்காவது தொறந்தாப் போதும்."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. ஒரு தப்பான யோசனையைக் கேட்டுவிட்டு அந்த மனிதரால் சும்மா இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

தினமும் மாலையில் போனேன். சுண்ணாம்புக்கல் லாரி ஒவ்வொன்றின் முகப்பிலும் பெரிய விசிறி பொருத்தி, பறக்கும் தூசியை முன்னால் போகும் லாரிக்கே திருப்பி அனுப்பும் திட்டத்தைச் சொன்னேன். மாவட்டத்தை ஒருமுறை பிரித்து மறுபடி சேர்த்திருந்த காலம் அது. ஆகவே ஒரு பக்கம் பெரம்பலூர், மறுபக்கம் அரியலூர் என்று எழுதிக் கீல் வைத்த பெயர்ப்பலகையையும் சொன்னேன். பிரித்தாலும் சேர்த்தாலும் புரட்டிக்கொள்ளலாம். அவர் கண் சிரித்தது. இடது கை ஆள்காட்டி விரலை உயர்த்தி, இப்படியும் அப்படியும் ஆட்டினார். தள்ளுபடி. ஒரு வாரம் விரலாலேயே தள்ளுபடி செய்தார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் விளங்கியது. நிராகரிப்பதற்கு வாய் தேவையில்லை. முப்பது வருஷம் ஒற்றைக் கையெழுத்தில் நிராகரித்த எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறக்க வைப்பது ஒப்புதல்தான். அதுவும் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் கொடுத்த ஒப்புதல்.

மறுநாள் கட்டிலில் இருந்த அவருக்கு முதுகைக் காட்டி, அவர் மனைவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டேன். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் வாசலிலேயே ஜாடை சொல்லியிருந்தேன்.

"சேதி தெரியுமாம்மா? நம்ம சக்கரப் பாலத்துக்கு ஒப்புதல் குடுத்தாச்சு."

"எந்த ஊருக்குண்ணே?"

"திருமழபாடிக்குத்தான். பழைய பாலத்துத் தூணெல்லாம் எடுத்துரப் போறோம்."

"தூணு இல்லாம நிக்குமா?"

"உருளாம இருக்கப் பின்சக்கரத்துக்குக் கல்லு வச்சுருவோம்."

கட்டில் கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை.

"வெள்ளம் வந்துட்டா?"

"ரெண்டு கல்லு வச்சுருவோம்."

"இவருகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமாண்ணே?" அந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அவரு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலையேம்மா. குறிச்ச காலத்துக்குள்ள ஆட்சேபணை வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்க வேண்டியதுதான். விதி அப்படி."

அந்த அம்மாள் அடுத்த கீரைக் கொத்தை எடுத்தார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

"நிக்... காது."

கீரைமேல் இருந்த கை நின்றது. நான் முகத்தை மாற்றாமல் சொன்னேன். "யாரோ ஏதோ சொல்ற மாதிரி இருக்கு. ஆட்சேபணைன்னா காரணம் வேணும்மா. மொட்டையா நிக்காதுன்னா ஏத்துக்க முடியாது."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "கீ... ழ... கெண... று" என்று வந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஏற்றத்தில் வண்டி இழுப்பதுபோல வந்தது. நாங்கள் காத்திருந்தோம். "அது... சப்... பரம்."

அப்போதுதான் திரும்பினேன். அவர் முகத்தில் பாதி கோபமாக இருந்தது. மீதிப் பாதி ஒத்துழைக்கவில்லை.

"கை... யெழுத்து... யாரு?"

"நான்தான் போட்டேன்."

"நீ யாருய்யா?"

அது மட்டும் உடையாமல் முழுசாக வந்தது. அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வெங்காயம் உரிச்சுட்டு வந்துர்றேண்ணே" என்று உள்ளே போனார். வெகுநேரம் உரித்தார்.

மறுநாளே நடைமுறையைத் திருத்தினேன். வாய்மொழியாகத் தெரிவிக்கப்படாத ஆட்சேபணை இனி ஏற்கப்படாது, விரல் செல்லாது. சக்கரம், அச்சு, முட்டுக்கல் என்று பாலத்துக்கு ஒரு நாளைக்கு ஓர் அயிட்டமாக ஒப்புதல் கொடுத்துக்கொண்டே போனேன். அவர் ஒவ்வொன்றையும் உடைத்துக்கொண்டே வந்தார். முட்டுக்கல் ஒன்றுக்கே மூன்று மாலை வாதாடினார். கட்டாத பாலத்தை இவ்வளவு நாள் இடித்தவர் அந்தத் துறையிலேயே வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

தங்கை மகன் மறுபடி வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன். "மா... மா... இப்ப... எப்... படி..." என்று ஆரம்பித்தான்.

"காது நல்லாத்தான் இருக்கு" என்றார் பொறியாளர், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. "மெதுவா... பேசு." பையன் பிறகு வந்த வேலையை மனிதக் குரலில் சொல்லிவிட்டுப் போனான்.

நாக்கு முழுவதுமாகத் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். நீளமான சொற்களில் இப்போதும் கொஞ்சம் சறுக்கும். ஆனால் 2007இல் அரியலூர் மறுபடி தனி மாவட்டமானபோது, அவரைச் சீண்டுவதற்காகவே போனேன்.

"அன்னிக்கே சொன்னேன், பலகைக்குக் கீல் வைக்கலாம்னு. வெரல ஆட்டித் தள்ளிட்டே. இப்பப் பாரு, புரட்டிவிட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்."

அவர் காப்பி தம்ளரை இடது கையால் கீழே வைத்தார்.

"கீலு துருப்புடிக்கும்யா. அதுக்கு யாரு எண்ணெ போடுவா? பெரம்பலூரா, அரியலூரா?"