காய்ச்சிய தண்ணீர் சோடா

காலரா பரவிய அந்தக் கோடையில், சூரமங்கலத்தில் சோடா வாங்குகிறவர்கள் முதலில் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடாக இருந்தால்தான் காய்ச்சிய தண்ணீர் என்று நம்பிக்கை. ஸ்டேஷன் பக்கத்தில் சோடாக்கடை வைத்திருந்த என் கணவரும், அவர்கள் இஷ்டப்படியே சூடு ஆறுவதற்குள் தண்ணீரை மெஷினில் அடைத்துச் சுற்றினார். கோலியை அழுத்தினால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், உள்ளே இருப்பது வெறும் வெந்நீர்.

சூடான தண்ணீரில் கியாஸ் தங்காது. இதைத் தெரிந்துகொள்ளக் கல்லூரிக்குப் போக வேண்டாம். உலை கொதிப்பதற்கு வெகுமுன்பே பானை ஓரத்தில் குமிழ்கள் கட்டி மேலே போவதைத் தினமும் பார்க்கிறவள் நான். தண்ணீரில் இருந்த காற்று சூடு பொறுக்காமல் கிளம்பிவிடுகிறது. "ஆறவச்சு ஊத்துங்க" என்றேன். "சில்லுனு இருந்தா எவன் வாங்குவான்?" என்று என்மேல் பாய்ந்தார்.

அப்போதுதான் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி தம் மகள் கல்யாணத்துக்குச் சோடா சொல்ல வந்தார். எங்களுக்கு அது முதல் கல்யாண ஆர்டர். கியாஸ் இல்லாத சோடாவை மாப்பிள்ளை வீட்டாரிடம் நீட்டினால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். கணவர் வேறு வழியில்லாமல் என் பேச்சுக்கு இறங்கி வந்தார். அண்டா அண்டாவாக நான் காய்ச்சினேன். ஈரச்சாக்கு சுற்றி ஆறவைத்து அடைப்பது அவர் பொறுப்பு.

மறுநாள் காலை ஒரு பாட்டிலை உடைத்து வாசலில் கவிழ்த்துக் காட்டினார். நுரை பொங்கி வழிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

விவசாயி வண்டியோடு வந்தார். பாட்டில்களை ஏற்றியான பிறகு ஒன்றைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"சில்லுனு இருக்குதுங்களே. காச்சுன தண்ணிதானுங்களா?"

"என் கையால காச்சுனதுங்க. ஆறவச்சாத்தானுங்க கியாஸ் நிக்கும்."

அவர் நம்பவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோடா அடைத்த தொட்டியில் மீதியிருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு, இடுப்பிலிருந்த மூன்று வயது மகளிடம் கொடுத்தேன். "குடி கண்ணு."

மெஷினுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்த கணவர் டம்ளரைத் தட்டிவிட்டார். தண்ணீர் என் புடவையெல்லாம் தெறித்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆறவைக்கப் பொழுது போதாமல் பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீரைக் கலந்திருக்கிறார்.

விவசாயி கீழே உருண்ட டம்ளரைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க புள்ள குடிக்கக் கூடாதுங்க. கல்யாணத்துக்கு வார புள்ளைங்க குடிக்கலாமுங்களா?"

மகளைக் கீழே இறக்கிவிட்டு, வண்டியிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக நானே இறக்கினேன்.