ஸ்பிரிங்கு லூசு, ஹப்பு டைட்டு

முட்டை வாங்கக் கிளம்பினாலும் சரி, பூசைக்குக் கிளம்பினாலும் சரி, ஏஞ்சல் முதலில் வேனின் பின்மூலையை இடுப்பால் ஓர் இடி இடிப்பார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு அது அடங்குவதைப் பார்ப்பார். ஒரே அமுக்கில் இறங்கி ஏறி நின்றுவிட்டால் சாவியை எடுப்பார். மறுபடி குலுங்கினால், "இன்னாடா ஒனுக்கு?" என்று வண்டியையே கேட்பார். சாந்தோம் கோயில் வாசலில் நிற்கும் அடுத்தவர் கார்களையும் இப்படி இடித்துப் பார்ப்பதுண்டு. ஒருநாள் ஒரு கார்க்காரர் சத்தம் போட்டார். "ஷாக்கு போயிக்கீது சார். கோச்சிக்காத, போய் மாத்து" என்று சொல்லிவிட்டு இவர் பாட்டுக்கு நடந்தார்.

ஏஞ்சல் மெக்கானிக் இல்லை. பட்டினப்பாக்கத்தில் கல்யாண கேக் செய்கிறவர். திராட்சையும் முந்திரியும் ஊறப்போட்டுச் செய்யும் கறுப்பு கேக்; மேலே கெட்டி வெள்ளை ஐசிங்; தூண் வைத்து மூன்று அடுக்கு. கடற்கரைக் குப்பங்களில் கல்யாணம் என்றால் தாலிக்கு அடுத்தபடி கேட்கப்படும் கேள்வி, கேக் ஏஞ்சல் வீட்டதுதானே என்பது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கிழட்டு ஆம்னி வேன். கதவுகளின் அடிப்பாகத்தைக் கடற்காற்று தின்று தீர்த்திருக்கிறது. விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்றேன். "புதுக் காருங்க எல்லாம் அழகு சார். உள்ள மூணு அடுக்கு நிக்குமா? தல இடிக்கும்" என்றார்.

நான் மயிலாப்பூர்க்காரன். கேக் என்றதும் முட்டை உண்டா என்று விசாரிக்கும் வீட்டில் பிறந்தவன். அப்படி விசாரிக்கப் போய்த்தான் இவரைத் தெரியும். வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை, என் முழங்கால் வலியும் இல்லை.

கைப்பையில் எப்போதும் ஒரு ஐசிங் கோன் வைத்திருப்பார், மெஹந்தி கோன் போலச் சுருட்டியது. போய் இறங்கியதும் எங்கே விரிசல், எங்கே பூ உதிர்ந்தது என்று பார்த்து அங்கேயே பூசி மறைத்துவிடுவார். அந்தக் கோனுக்கு வேலை வராத கல்யாணமே இதுவரை இல்லை என்று அவரே சொன்னார்.

பூசி மறைக்க முடியாத ஒன்றும் நடந்தது. அதற்குக் காரணம் ஒரே ஒரு சொல்.

மந்தைவெளிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நல்லசிவத்திடம்தான் வண்டி போகும். போன வருடம் ஏஞ்சல் அவரிடம், "அண்ணே, வண்டி லொடலொடன்னு ஆடுது. நல்லா டைட் பண்ணிக் குடு" என்று சொல்லியிருக்கிறார். ஏஞ்சலின் அடுப்படியில் டைட் என்றால் வைத்த இடத்தில் நிற்கிற ஐசிங். ஒழுகாது, சரியாது. அது நல்ல சொல். நல்லசிவத்தின் பட்டறையில் டைட் என்றால் டைட். மனுஷன் ஆசை ஆசையாகப் பின்பக்க ஸ்பிரிங்கில் பக்கத்துக்கொரு பட்டையைக் கூடுதலாகச் செருகி, குலுக்கலை அடக்கும் ஷாக்கையும் கடினமானதாகப் போட்டு, செங்கல் ஏற்றினாலும் அசையாத வண்டியாக்கிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த கல்யாணம் படகுக்காரர் லாசரின் மூத்த மகளுக்கு. முதல் வேகத்தடையிலேயே மேலடுக்கு இரண்டாகப் பிளந்து நடு அடுக்கின் மேல் உட்கார்ந்தது. மணமேடைக்கு வந்தபோது அது கேக் இல்லை, இடிந்த வீடு. லாசர் மாலையைப் பிய்த்துப் பூவைப் போட்டு மூடினார். பெண் அழுதாள். லாசரின் மனைவி அன்றிலிருந்து ஏஞ்சலிடம் பேசுவதில்லை. மீன் கடையில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குப்பத்தில் வேனுக்கு 'கேக் ஒடைக்கிற வண்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"டைட் பண்ணுன்னு நீதானம்மா சொன்ன?" என்றார் நல்லசிவம்.

"டைட்டுன்னா ஆடாம கீறதுண்ணே. கல்லாட்டம் கீறது இல்ல."

"அத மொதல்ல சொல்லியிருக்கணும்."

"நீ கேட்டியா?"

இருவர் பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டை நீண்டுகொண்டே போனது. ஆனாலும் ஏஞ்சல் வேறு பட்டறைக்குப் போகவில்லை. "ஒடச்ச கைதான் ஒட்டவும் வெக்கணும்" என்பது அவர் கட்சி.

இந்த வருடம் லாசர் வாசலில் வந்து நின்றார். இளையவளுக்குக் கல்யாணம். கேக் ஏஞ்சல் அக்காதான் செய்யணும் என்று அவள் பிடிவாதம். மண்டபமோ தி.நகரில். "எம் வூட்டுக்காரிக்கு இஷ்டமில்ல. பொண்ணு சொன்னா கேக்கல. நீ செய்யி. ஆனா வண்டியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவும் உடைந்தால் இந்தக் கடலோரத்தில் தன்னை எவரும் கூப்பிட மாட்டார்கள் என்பது ஏஞ்சலுக்குத் தெரியும். அன்றே வண்டி பட்டறைக்குப் போனது.

நல்லசிவம் செருகிய பட்டையைக் கழற்றினார். மெல்ல இறங்கி மெல்ல ஏறும் புது ஷாக்குகளைப் போட்டார். சோதனைக்கு ஏஞ்சல் கொண்டுவந்தது ஒரு தட்டில் கவிழ்த்த கடல்பாசி ஜெல்லி, பால் ஊற்றி உயரமான டம்ளரில் உறைய வைத்தது. வேனின் தரையில் சம்மணம் போட்டு அதையே பார்த்துக்கொண்டு வருவது என் வேலை. "குந்துங்க சார். அது எப்ப ஆடுது, எப்படி ஆடுதுன்னு சொல்லிக்கினே வாங்க. துன்னுடாதீங்க" என்றார்.

பள்ளங்களில் வேன் படகு போல இறங்கி ஏறியது. கடல்பாசி ஒருமுறை தலையசைத்துவிட்டு நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் பள்ளமே இல்லாத நல்ல சாலையில் அது நடுங்க ஆரம்பித்தது. காய்ச்சல்காரன் போல விடாத நடுக்கம். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தட்டில் ஒரு பக்கமாக நகர்கிறது. சொன்னதும் ஏஞ்சல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து தட்டின் மேல் குனிந்தார். அந்த முகத்தில் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்தது.

"பள்ளம் ஒடைக்கிது சார். இது நகத்துது. இத்தினி நாளா தூணு எப்படி எடம் மாறுதுன்னு மண்டைய ஒடச்சிக்கினு இருந்தேன்."

பட்டறையில் நல்லசிவம் முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து இரு கைகளாலும் பிடித்து ஆட்டினார். ஆடியது. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பிலேயே பேரிங் உட்காரும் குழி தேய்ந்திருந்தது; புது பேரிங் போட்டாலும் நிற்காது. பின்னால் வந்த மாடலின் பெரிய ஹப்பை, அது பொருந்தும் இரும்புக் கட்டையோடு சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றினார், இரண்டு முன்சக்கரத்துக்கும்.

"இப்ப சொல்லும்மா, டைட்டா, லூசா?" என்று ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பட்டுத் தெளிந்தவர்.

ஏஞ்சல் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "ஸ்பிரிங்கு லூசு, ஹப்பு டைட்டு." அடுத்த சில நாள் இதைக் காய்கறிக்காரியிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சக்கரத்தை மாட்டியதும் நல்லசிவம் நடுவில் தெரிந்த ஹப்பின் மேல் சந்தனத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தார்.

"இன்னாண்ணே, பொட்டு வெச்சிக்கினு கீற?"

"புதுசு வந்தா வெக்கணும்மா. ஓடி வந்ததும் இதத் தொட்டுப் பாரு. கை சுட்டுச்சுன்னா ஒடனே கூப்புடு."

"வை, வை" என்று சொல்லிவிட்டு ஏஞ்சல் தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று மாலை நான் மறுபடியும் வேனின் தரையில், இம்முறை நிஜக் கேக்குக்கு எதிரே. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த இரும்புத் தகடுகளின் மேல் ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சோதனைக்கு வந்தவன் கண்ணை மூடினால் எப்படி என்று கேட்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். ஏஞ்சல் மண்டப வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான், "சார், நிக்கிதா?" என்றார். நின்றது. தூண்கூட இடம் மாறவில்லை.

லாசரே ஒரு பக்கம் பிடிக்க, கேக் உள்ளே போனது. ஏஞ்சல் கோனைக் கையில் வைத்துக்கொண்டு கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். பூச ஓர் இடமும் கிடைக்கவில்லை. அப்போது லாசரின் மனைவி பக்கத்தில் வந்து, கேக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்ட்டியா ஏஞ்சலு?" என்றார். ஏஞ்சல் தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர் அதை மறைக்கவும் இல்லை.

பந்திக்குக் கூப்பிடலாம் என்று தேடினால் ஆளைக் காணோம். வெளியே வந்து பார்த்தேன். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தின் அருகே குந்தியிருந்தார். புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை போலிருக்கிறது. அதிலிருந்த சந்தனம் வழித்தூசியில் எப்போதோ அழிந்துவிட்டது. முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தார். பிறகு கோனின் நுனியைக் கிள்ளி, வெள்ளை ஐசிங்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார்.