பரமேசு பாடி முடிக்காத ஒப்பாரி

கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்தில் எங்கள் காணிக்கு அடுத்த காணி வடிவம்மாவுடையது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து லொறிகளில் வந்து இறங்கிய குடும்பங்களில் அதுவும் ஒன்று, எங்களுடையதைப் போல. குடும்பம் என்றால் இரண்டே பேர்: வடிவம்மா, அவர் பெற்ற ஒரே பிள்ளை பரமேஸ்வரன். பரமேசு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம்.

வடிவம்மா ஒப்பாரி பாடுபவர். எங்கள் ஆட்களின் வீட்டில் சாவு விழுந்தால் தப்படிப்பவர்களுக்கு ஆள் போன கையோடு வடிவம்மாவுக்கும் ஆள் போகும். செத்தவர் எந்தத் தோட்டம், என்ன வேலை, எதை விரும்பிச் சாப்பிடுவார் என்றெல்லாம் விசாரித்து, அங்கேயே பாட்டாகக் கட்டி அழுவார். மகள் இல்லாதவள் செத்தால் பாடி அழ ஆளில்லை, மகன் இல்லாதவள் செத்தால் கொள்ளி வைக்க ஆளில்லை என்று எங்கள் பெண்களுக்கு ஒரு பயம் உண்டு. அந்தப் பேச்சை வடிவம்மாவிடம் எடுத்தால், "எனக்கென்ன குறை? அழுறதுக்கும் இதுதான், கொள்ளி வைக்கிறதுக்கும் இதுதான்" என்று பரமேசுவைத் தலையால் காட்டுவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

வந்த மறு வருடம் மாசியில் எங்கள் சனம் காமன் கூத்துப் போட்டது. நடத்தியவர் வடிவம்மாவின் தம்பி பொன்னையா. வழக்கமாக ரதி வேடம் கட்டுகிறவர் கலவரத்தில் எந்தப் பக்கம் போனாரென்று தெரியவில்லை. பொன்னையா தன் கையாலேயே பரமேசுவுக்குச் சேலை கட்டிவிட்டார். காமன் எரிந்ததும் ரதி புலம்ப வேண்டும். பரமேசு புலம்பியபோது சனம் அழுதது காமனுக்காக இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் தோட்டத்து லய வீடு எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

கூத்து முடிந்தால் ரதி வேடம் கட்டியவர் குளத்தில் முழுகி, சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பரமேசு முழுகினார், கொடுத்தார். ஆனால் அடுத்த வாரமே வடிவம்மாவின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு தண்ணீர் எடுக்க வந்தார். அதன் பிறகு சில நாள் இடுப்பில் சாறமும் மேலே சேட்டும், சில நாள் சேலை. இன்ன நாளுக்கு இன்னது என்று கிடையாது. சாறத்தோடு மண்வெட்டி பிடித்தவர் மறுநாள் சேலையோடு பெண்களின் நிரையில் குந்தி மிளகாய்க்குக் களை பிடுங்குவார். ஒரு முறை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "இன்னைக்கு யாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வெட்கமாகப் போனது.

"நான்தான் தங்கச்சி. நேத்தும் நான்தான்" என்றார். கோபித்துக்கொள்ளவில்லை.

அவருடைய பாட்டுக்கள் அந்தக் களை நிரையில் பிறந்தவை. மலையில் விட்டுவந்த நாய், லொறியில் ஏற்ற முடியாமல் போன ஆட்டுக்கல், கிணறு வற்றிய வைகாசி. கனத்த குரலில் ஒரு கேள்வி கேட்பார், மெல்லிய குரலில் தானே பதில் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டால் இரண்டு பேர் பாடுவது போலவே இருக்கும்.

கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ராஜரத்தினம் எண்பத்து நாலில் எங்கள் கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தார். பரமேசு பாடக் கேட்டவர், கசெற்றில் பதிந்து விற்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். வடிவம்மாவோடு நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் சின்ன அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். வீதியில் லொறி வந்தால் அது போகும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும். ஒரு ரேப் ரெக்கோடரில் கனத்த குரலைப் பதிந்து, அதை ஓடவிட்டு, கூடவே மெல்லிய குரலில் பாடி இன்னொன்றில் பதிவது பரமேசுவின் யோசனை. தாளத்துக்கு மண்ணெண்ணெய் டின். பிறகு மற்றவர்கள் பாட வந்தபோதும் மைக்கை எங்கே வைப்பது, எதைத் திரும்பப் பாடுவது என்று சொல்பவர் பரமேசுதான். ராஜரத்தினம் கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

முதல் கசெற்றின் உறையில் 'பாடியவர்கள்: பரமேஸ்வரன், அமராவதி' என்று இருந்தது.

"யாருண்ணே இந்த அமராவதி?" என்று பரமேசு ராஜரத்தினத்திடம் கேட்டார்.

"நீதான். ஒரு ஆள் ரெண்டு குரலிலை பாடுறதெண்டால் சனம் பகிடி எண்டு நினைக்கும். ரெண்டு பேரெண்டால் கலியாண வீடுகளிலை போடுவினம்."

"அடுத்ததுல ஒரே பேராப் போடுவீங்களா?"

"முதல் இது வித்துப் போகட்டும் பாப்பம்."

போனது. பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் அந்தப் பாட்டுக்களே கேட்டன. பெயர் முழுதும் அமராவதிக்கு. பளையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் விலாசம் விசாரித்துக்கொண்டு மகனுக்குப் பெண் கேட்டே வந்துவிட்டார்கள். வடிவம்மா தேத்தண்ணி கொடுத்து, "அவ மலைநாட்டுக்குப் போயிருக்கா" என்று சமாளித்தார். முற்றத்தில் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விறகு கொத்திய பரமேசுவிடம் அந்தத் தாய் போனாள்.

"தம்பி, நீர்தானே சேந்து பாடுறனீர்? பிள்ளை எப்பிடி, அடக்கமோ?"

"அவளா? சரியான வாய்க்காரி. உங்க வீட்டுக்குச் சரிவர மாட்டா அம்மா."

அவர்கள் போன பிறகு அக்கம்பக்கமெல்லாம் வயிறு நோகச் சிரித்தது. வடிவம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "இல்லாதவளுக்கு மாப்பிள்ள வருது. இருக்கிற உன்னைய யாரு பாக்குறா?" என்றார். பரமேசு விறகை அடுக்கினார்.

இரண்டாவது கசெற்றிலும் இரண்டு பெயர், மூன்றாவதிலும் இரண்டு பெயர். ஒரே பெயராகப் போடச் சொல்லிக் கேட்பதைப் பரமேசு விட்டுவிட்டார். ஊருக்கும் அது வசதியாகப் போயிற்று. பாட்டு அமராவதியுடையது. தெருவில் சேலையோடு போவது பரமேசுவின் கோமாளித்தனம். பாட்டை ரசித்த வாயாலேயே அவரைப் பார்த்து விசிலடித்தார்கள்.

எண்பத்தெட்டில், இந்திய ஆமி நின்ற காலத்தில், வடிவம்மா காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். பின்னேரம் ஊரடங்கு. அதற்கு முன் எரித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

பரமேசு சேலை கட்டிக்கொண்டு வந்து தாயின் தலைமாட்டில், பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். மெல்லிய குரலில் தாயைக் கூப்பிட்டார், கனத்த குரலில் தனக்கே ஆறுதல் சொன்னார். மார்பில் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி, "அடியே, இது அமராவதி குரல்" என்றாள். "இப்பதான் தெரியுதா உனக்கு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இருவரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பொன்னையா வாசலில் வந்து நின்றார்.

"பாடை கட்டியாச்சு. எந்திரிச்சுப் போயி வேட்டி கட்டிக்கிட்டு வா."

"இன்னும் முடிக்கல மாமா."

"பொம்பளைங்க பாடட்டும். நீ கொள்ளி வைக்கிறவன்."

"ரெண்டுக்கும் நான்தான்னு அம்மா சொல்லியிருக்கு. ஒங்களுக்குத் தெரியும்."

"அது வெளையாட்டுப் பேச்சு. சேலையோட யாரும் சுடலைக்கு வந்ததில்ல."

"மொதமொதல்ல எனக்குக் கட்டிவிட்டதே நீங்கதானே?"

"அது சாமி காரியம். இப்ப நீ வேட்டி கட்டலேன்னா கொள்ளிச்சட்டிய என் மகன் தூக்குவான். நேரமாகுது."

பரமேசு பாட்டின் பாதியில் எழுந்தார். உள்ளே போய் வேட்டியோடு வந்தார். தலையை மழித்தார்கள்.

வாய்க்கால் மதகோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். நாங்கள் நின்றோம். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன பரமேசு மதகைத் தாண்டியதும், விட்ட இடத்திலிருந்து அந்த ஒப்பாரியை எடுத்தார். மெல்லிய குரல்தான். பாடை தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பொன்னையா தப்படிப்பவர்களிடம் கையைக் காட்டினார். அவர்கள் ஓங்கி அடித்தார்கள். வரம்பு வளைந்து திரும்புகிற இடத்தில் பரமேசுவின் தொண்டை புடைப்பதைக் கண்டேன். எங்களுக்குக் கேட்டது தப்பு மட்டுந்தான்.

கருமாதி முடிந்ததும் ராஜரத்தினம் சைக்கிளில் வந்தார்.

"அமராவதியின்ரை புதுப் பாட்டு வரேல்லையோ எண்டு சனம் கேக்குது."

"அவ இனிப் பாட மாட்டா அண்ணே."

"சரி, பரமேஸ்வரன் பாடலாம்தானே?"

"அவரும்தான்."

அதற்குப் பிறகு அவர் பாடி யாரும் கேட்கவில்லை. கடைக்குப் போவதை மட்டும் விடவில்லை. எண்பத்தொன்பதில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து யூலிற்றா என்ற கத்தோலிக்கப் பெண், பெரிய வெள்ளிக்குப் பாடும் புலம்பலைப் பதிய வந்தார். பாட்டு முடியும் முன்பே கசெற் முடிந்துவிட்டது. இந்த அளவு போதும் என்றார் ராஜரத்தினம். பரமேசு அதைவிட நீளமான புதுக் கசெற் ஒன்றை எடுத்துப் போட்டார்.

"முதல்ல இருந்து பாடுங்க அக்கா. முடியிற வரைக்கும் பாடுங்க, யாரும் நிறுத்த மாட்டாங்க."

அந்தக் கசெற்றை நான் பார்த்திருக்கிறேன். உறையில், பதிந்தவர் பெயர் இல்லாமல், யூலிற்றாவின் பெயர் மட்டும் இருந்தது.