சாலமன் எழுதிவைத்த இருமல்

என் அக்கா புருஷன் சாலமன் பகலில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவார். பொழுது சாய்ந்ததும் மாதா கோயில் பாட்டுகளைப் பிரித்து, டிரம்பெட்டுக்கு இது, டிரம்போனுக்கு இது, தான் ஊதும் யூபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலுக்கு இது என்று நோட்டில் ச, ரி, க, ம எழுத்தாக எழுதுவார். மொத்தமே மூன்று பேர் கொண்ட பேண்டு. அவர் பண்ணும் பந்தாவைப் பார்த்தால் முந்நூறு பேரை மேய்க்கிறவர் என்று நினைப்பீர்கள்.

அவர் வாத்தியத்துக்கு எழுதுவதில்லை, ஆளுக்கு எழுதுவார். டிரம்போன் ஐயப்பனுக்கு உப்புக் கூடை தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. குழலை முழுசாக நீட்ட முடியாது. அதனால் கை நீள வேண்டிய சுரம் எதுவும் அவன் பக்கம் வராது. டிரம்பெட் கலியமூர்த்திக்கு பீடி இருமல். மூன்றாவது வரி முடிந்ததும் கட்டாயம் வரும். அவனைத் திருத்த முடியாது என்று தெரிந்துகொண்ட சாலமன், அந்த இடத்தில் நான்கு தாளத் தட்டு காலியாக விட்டு, சிவப்பு மையில் 'இருமல்' என்று எழுதிவைப்பார். அந்த நேரத்தை யூபோனியம் நிரப்பும். அதற்கடுத்து 'ஐயப்பனைப் பார்' என்று இருக்கும். பார்க்காவிட்டால் ஐயப்பன் ஊத மாட்டான். இருபது வருஷமாக ஊரில் கல்யாணம், சாவு எல்லாம் இப்படித்தான் நடந்தன. இருமல் இல்லாமல் அந்தப் பாட்டுகள் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

அவர் மகள் ஆரோக்கியசெல்விக்குப் புதுச்சேரியில் மாப்பிள்ளை அமைந்தான். கோயிலில் கீபோர்டு போதும் என்று சொல்லிவிட்டாள். சாலமனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

"செல்வி, நீ உள்ள நடந்து வர்ற பாட்டு ஒண்ணு. அது மட்டும் நான் எழுதி வாசிக்கிறேம்மா."

"சரிப்பா. ஆனா அவங்க வீட்டு ஆளுங்க யாராவது சிரிச்சாங்கன்னா, அப்புறம் உன்கிட்ட நான் பேசவே மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள். பத்தாவது படிக்கும்போது என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று காலையில் கலியமூர்த்திக்குப் பல்வலி. கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. தனக்குப் பதிலாகப் பெரிய முதலியார்சாவடியிலிருந்து வெங்கடாசலம் என்பவரை அனுப்பிவைத்தான். ராணுவ பேண்டில் இருபத்திரண்டு வருஷம் வாசித்து ஓய்வு பெற்றவர். பெண் கோயில் வாசலில் வந்து நின்ற நேரத்தில்தான் அவர் பைக்கை நிறுத்தினார். நோட்டை வாங்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல எழுதியிருக்கிறது எல்லாமே செய்யணுங்களா?"

"ஒண்ணு விடாம செய்யணுங்க," என்றார் சாலமன். அந்த அவசரத்தில் இருமலை யார் நினைத்தார்கள்!

டிரம்பெட் ஆரம்பித்தது. ஐயோ, என்ன வாசிப்பு! ஒரு பிசிறு இல்லை. செல்வி நடந்து வந்தாள். புதுச்சேரிக்காரர்கள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வரி முடிந்தது. வெங்கடாசலம் டிரம்பெட்டை இறக்கி, விறைப்பாக நின்று, தாளம் தப்பாமல் நான்கு முறை இருமினார். பிறகு சடக்கென்று கழுத்தைத் திருப்பி ஐயப்பனை முறைத்தார். அரண்டுபோன ஐயப்பன் தோளை மறந்து குழலை முழுசாக நீட்டி, "யம்மா!" என்று அலறினான்.

சாலமன் முகத்தில் ஈயாடவில்லை. முதல் சிரிப்பு முக்காட்டுக்குள்ளிருந்து வந்தது. கல்யாணப் பெண்தான்! பூங்கொத்தால் முகத்தை மூடியும் அடங்கவில்லை. அப்புறம் மாப்பிள்ளை, அவன் அம்மா, ஃபாதர் என்று எல்லாரும் சிரித்தார்கள். வெங்கடாசலம் மட்டும் சிரிக்காமல் அடுத்த சரணத்துக்குப் போனார். அதில் இருமல் வந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் சேர்ந்தே இருமினார்கள்.

பூசை முடிந்ததும் வெங்கடாசலம் சாலமனிடம் வந்தார்.

"ரெண்டாவது தடவ நாலாவது இருமல் கொஞ்சம் லேட்டாயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

சாலமன் பதில் சொல்வதற்குள் செல்வி எதிரே வந்து நின்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்களுக்கு முன்னாடி நானே சிரிச்சிட்டேன்பா. எப்படிப் பேசாம இருக்கிறது?" என்று அவர் கையைப் பிடித்தாள்.

சாலமன் பொலபொலவென்று அழுதார். மகள் போகிற அழுகை என்று நினைத்து நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"மச்சான், நான் எழுதினத ஒருத்தர் எழுதினபடியே வாசிச்சு இன்னிக்குத்தான்டா கேட்டேன்."