மடத்துவெளியில் ஒரு கிடங்கும் இரண்டு வரைபடங்களும்

பழைய நில அளவை வரைபடம் கையில் கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். புங்குடுதீவின் இரண்டு பதிப்புகள் கிடைத்தன. முந்தியதில் மடத்துவெளிக்கு அருகே கல் வெட்டிய பள்ளம், ஊர்ப் பேச்சில் கிடங்கு; பிந்தியதில் அதே இடத்தில் நீலம் பூசிய குளம். எது சரி? இந்த ஆவணியில் பார்த்துவிடக் கிளம்பினேன்.

யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ். ஏறத்தாழ முப்பது கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. இருபுறமும் கடல் விரியும் பாதையில் யன்னலோரம் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர். இறங்கி ஓட்டோ பிடித்தேன். போய்வர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

இடத்தைக் கண்டதும் சப்பென்று போய்விட்டது. சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த களிமண், கரையில் வெட்டுத் தழும்போடு சுண்ணாம்புக்கல். மண் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று நிற்க, அதை மறித்தபடி ஒரு பெண் கைத்தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் மலர் அக்கா. வீடியோவில், சிறு வயதிலேயே கனடா போய்விட்ட அவரது தம்பி யோகன். காணி இருவருக்கும் பொது. கிடங்கை நிரப்பி வீடு கட்ட யோகனுக்கு ஆசை.

“நிரப்பினா என்ரை கிணறு உப்பாப் போயிடுமடா! மாரியில இதில நிக்கிற தண்ணிதான் அங்க ஊறுது.”

“அக்கா, நான் வருசா வருசம் வாறனான். ஒரு நாளும் தண்ணியைக் காணேல்லை!”

“பிள்ளையளின்ர லீவுக்கு ஆவணியில வந்தா எப்பிடியடா காணுவாய்?”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “என்னட்டை மாப் இருக்கு” என்று கமராவுக்கு முன்னால் விரித்துவிட்டேன். காரியத்தைக் கெடுத்தேன்! மேலே இருந்தது பழைய பதிப்பு.

“பாத்தீங்களே, கிடங்கெண்டுதான் கிடக்கு!” யோகன் துள்ளினார். அக்கா என்னை முறைத்தார்.

அவசரமாக மற்றதை இழுத்துக் காட்டினேன். சுண்ணாம்பு சுடக் கல் தோண்டியிருக்கிறார்கள். பிறகு மழை நிறைந்து அது குளமாகியிருக்கிறது. இரண்டு படமும் சரிதான் என்றேன்.

யோகன் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார். “ஓம், நீலம்தான். கொட்ட வேண்டாமெண்டு சொல்லு, அக்கா. மார்கழியில வந்து என்ரை கண்ணாலயே பாக்கிறன்.”

அக்கா அப்போதுதான் வழியை விட்டு விலகினார். எனக்குத் தேத்தண்ணீரும் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: குடிதண்ணீரும் தொப்பியும் எடுங்கள். திரும்பும் பஸ்ஸை இறங்கும்போதே விசாரியுங்கள். வரைபடம் கொண்டுபோனால் எல்லாப் பதிப்புகளையும் கொண்டுபோங்கள்.

நேற்று அக்கா ஒரு படம் அனுப்பினார். கரை தளும்பும் தண்ணீர்; நடுவில் யோகனின் தலை மட்டும். கூடவே அக்காவின் குரல்: “விடிய இறங்கினவன். சாப்பிடக் கூப்பிட்டும் ஏற மாட்டனெண்டு நிக்கிறான்.”