அண்ணி பார்த்தால் குறையும் பிபி

கோயமுத்தூரில் டெக்ஸ்டைல் படித்து முடித்த சூடு ஆறுவதற்குள், முதலிபாளையத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனிக்குள்ளேயே எனக்கொரு கண்ணாடி அறை கட்டிக்கொண்டேன். ஏசி, பெரிய திரை வைத்த கம்ப்யூட்டர், அப்பாவுக்கென்று ஒரு சுழல் நாற்காலி. அப்பா அதில் உட்கார்ந்து நான் வடிவமைக்கும் பனியன் சாம்பிள்களைப் பார்த்து "பரவால்லியே கண்ணு" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்பா உட்காரவில்லை. எழுபதை நெருங்கும் மனுஷர், சித்திரை வெயிலில், முழுக்கைச் சட்டையும் கழுத்தைச் சுற்றித் துண்டுமாக, ஆவி புஸ்ஸென்று கிளம்பும் அயர்னிங் டேபிள்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அது அண்ணியின் ராஜ்ஜியம். கணியூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வேகத்தில் அயர்னிங், பேக்கிங் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, வடநாட்டுப் பையன்களை இந்தியிலேயே அதட்டுகிறாள். அப்பா அவளையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். பிறந்ததிலிருந்து எனக்கு மட்டும் இருந்த சொல் அது.

"மொதலாளிக்கு வேல மேல எவ்வளவு அக்கற பாருங்க" என்பார்கள் டெய்லர்கள். அக்கறைதான். யார் மேல் என்று எனக்கல்லவா தெரியும்!

அப்பாவுக்குப் பிபி. மாத்திரையைக் கூட்டியும் அடங்கவில்லை. நானே ஒரு நல்ல மெஷின் வாங்கினேன். தினமும் காலையில் அவரை என் அறைக்கு அழைத்து, சற்று நேரம் பேசாமல் உட்கார வைத்து, பட்டையைக் கட்டி, எல்லாம் முறைப்படி பார்ப்பேன். மேல் எண் போகட்டும், கீழ் எண்ணே நூற்றைத் தாண்டி நிற்கும். பட்டையை அவிழ்த்ததும் அப்பா ஓடாத குறையாக வெளியே போய்விடுவார்.

ஒருநாள் அண்ணி மெஷினை வாங்கிக்கொண்டு போய் அயர்னிங் டேபிள் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். குறைவு. மறுநாள் பார்த்தாள். அன்றும் குறைவு.

"ஏனுங்க, நான் பாத்தாக் கொறையுதே! நீங்க மொறச்சுக்கிட்டே பாப்பீங்களாட்ட இருக்குது."

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதுதான் சுட்டது. இத்தனை நாள் என் சந்தேகமாக இருந்ததை மெஷின் எண் போட்டே சொல்லிவிட்டது.

டாக்டரிடம் நான் மட்டும் கூட்டிப் போவதாக இருந்தது. கிளம்பும்போது அண்ணியும் காரில் ஏறிக்கொண்டாள். டாக்டரம்மா பிபி பார்த்து முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"என் ரூம்ல பாத்தாக் கூடுதுங்க டாக்டர். இவங்க அயர்னிங் டேபிள்ல பாத்தாக் கொறையுது. அந்த வெக்கையில, அந்தச் சத்தத்துல எப்படிங்க கொறையும்? இவங்க பட்டையச் சரியாக் கட்டறதில்லீங்க."

"நானும் உங்களாட்டத்தானுங்க கட்டறேன்" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஐயா, ஏசி ரூம்ல உங்களுக்குக் குளிருதுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஏசின்னு இல்லீங்க. ஊட்டுல ஃபேன் போட்டாலே ஜில்லுங்குது. புள்ள ஆசையாக் கட்டுன ரூமு, எப்படிங்க சொல்றது?"

அந்தக் கரகரத்த குரலை, மெதுவான நடையை, உப்பிய முகத்தையெல்லாம் நான் வயசு என்று எண்ணியிருந்தேன். டாக்டரம்மா குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளி, பிறகு சோம்பலாகத் திரும்பி வந்தது. ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரிசல்ட்டில், தைராய்டு சோர்ந்தால் ஏறும் டிஎஸ்எச் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராய்டு மந்தம். "அது மந்தமானா ஒடம்புல சூடு பத்தாது, ரத்தக்குழாய் இறுகிக்கும், கீழ் நம்பர் ஏறும். குளிர்ல உக்கார வெச்சா இன்னும் ஏறும். பெரியவங்களுக்கு வந்தா வயசுன்னு விட்டுடறோம்" என்றார். தைராய்டு மாத்திரையை, இதயத்துக்குச் சிரமம் வராமல், கொஞ்சமாக ஆரம்பித்து மெல்லக் கூட்ட வேண்டும். பிபி மாத்திரையை நிறுத்தக் கூடாது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், டீ ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

"காலையில டீ யாரு போடறீங்க?"

"நான்தானுங்க" என்றாள் அண்ணி. மருந்துச்சீட்டு அவள் கைக்குப் போனது.

போகட்டும் என்று விட்டேன். திரும்பும் வழியெல்லாம் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அப்பா தேடிப் போனது அண்ணியை அல்ல, ஆவியை. தைராய்டு சரியானால் நாற்காலி நிறையும்.

ஐப்பசி வாக்கில் டிஎஸ்எச் இறங்கியது. பிபி மாத்திரை ஒன்றை டாக்டரம்மாவே குறைத்தார். முழுக்கைச் சட்டை பீரோவுக்குள் போனது. ஒரு மத்தியானம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, துண்டால் நெற்றியைத் துடைத்தபடி அப்பா உள்ளே வந்தார்.

"அங்க ஒரே வெக்கை கண்ணு. ஏசியக் கொஞ்சம் கூட்டுங்க."

சுழல் நாற்காலியில் சாய்ந்தார். புது சாம்பிளை எடுத்துத் துணியைத் தடவிப் பார்த்தார். "பரவால்லியே" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

பிறகு நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். வெளியே ஆவிக்கு நடுவில் அண்ணி நின்றிருந்தாள்.

"ஏனுங் கண்ணு, ரூமு பெருசாத்தான இருக்குது? அண்ணிக்கும் இங்கயே ஒரு டேபிள் போட்டரலாமா? பாவம், வேகுது அங்க."

அவர் போனதும் பட்டையை எடுத்து என் கையில் கட்டிப் பார்த்தேன். கீழ் எண் எவ்வளவு என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.