கிணற்றுத் தண்ணீர் குடித்த கார்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். இதை நான் பெருமையாகவும் சொல்வேன், சில நாளில் பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்வேன். அமிர்தகழியில் உள்ள வீட்டை என் கல்யாணத்துக்கு என் தாய் எனக்கு எழுதித் தந்தா. என் ஒரே மகளின் கல்யாணத்துக்கு நான் அதை அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு முன்னறையை விட்டு, சமைக்கிற குசினிக்குப் பக்கத்துப் பின்னறையில் என் கட்டிலைத் தூக்கிப் போட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. அது அப்படித்தான். மகளும் மருமகனும் என்னைத் தங்கமாகப் பார்க்கிறார்கள். அதில் பொய் சொல்லக்கூடாது. ஆனால் வீடு, வளவு, கிணறு, தென்னை எல்லாம் அவள் பேருக்குப் போனபிறகு என் பேரில் மிச்சமிருந்தது முப்பது வயதைத் தாண்டிய ஒரு ஜப்பான் கார்தான்.

என் கணவர் வாங்கிய கார் அது. வாங்கும்போதே மூன்று கை மாறியிருந்தது. பதிவுப் புத்தகத்தில் என் பேரைத்தான் போட்டார். "வீடு உன்ர, வளவு உன்ர. கார் மட்டும் என்னத்துக்கு என்ர?" என்றார். அவர் கண்மூடிய அடுத்த வருடம் நான் அதை ஓடப் பழகினேன். பழகியதும் பின்சீற்றைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத் தயிர் வியாபாரம் தொடங்கினேன். ஊர் சிரித்தது. பிறகு வாங்கித் தின்றது.

வாரத்தில் ஐந்து நாள், விடியற்காலையில் ஏறாவூர், செங்கலடி தாண்டிக் கரடியனாற்றுக்குப் போவேன். அங்கே எருமைப் பட்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரி முதல்நாள் பாலைக் காய்ச்சி மண்சட்டிகளில் உறைய வைத்திருப்பா. நாற்பது சட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பி, கடைகள் சுறுசுறுப்பாவதற்குள் ரவுண் கடைத்தெருவில் கொடுத்து முடித்துவிடுவேன். கேட்கச் சுலபம்தான். ஆனால் எருமைத் தயிர் ரோசக்காரச் சாமான். ஒரு குலுக்கல் போதும், ஓரம் விட்டுத் தண்ணீர் கக்கிவிடும். அடியில் நனைத்த சாக்கு, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் சட்டிகள், கல்லுக் கிறவல் பாதை முழுக்க இரண்டாம் கியர். பதினொரு வருடமாக என் தயிர் உடைந்தது என்று சொல்ல எந்தக் கடைக்காரனுக்கும் நான் இடம் வைக்கவில்லை.

அந்தக் கார்தான் ஒரு நாள், நல்லகாலம் சட்டியெல்லாம் இறக்கிய பிறகு, புகை கக்கிக்கொண்டு நின்றது. கட்டி இழுத்து ஏறாவூரில் எனக்குத் தெரிந்த கார் திருத்தும் கராச்சில் விட்டார்கள். அதை வைத்திருப்பவர் முஸ்லிம்; அண்ணன் முறையில் அவரை 'நானா' என்பேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நிதானமாகக் கதைப்பவர். எனக்குக் கோபம் வரும்போது அந்த நிதானத்தைக் கண்டால் இன்னும் கோபம் வரும்.

"போன வருசம் நீங்க போட்ட கேஸ்கட் பார்த்த வேலை இது நானா," என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன்.

"இரிக்கலாம் தங்கச்சி. கழட்டிப் பார்ப்பம்."

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். எஞ்சினின் தலைப்பகுதி கழன்று மேசையில் கிடந்தது. தண்ணீர் ஓடும் துவாரங்களைக் காட்டினார். துவாரம் எங்கே இருந்தது, இரும்பு எங்கே இருந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் அரித்து, வெள்ளையும் துருவுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. கோடையில் கடல்நீர் ஏறும் வாவிக் கரையில் உப்புப் பூப்பது மாதிரி. அவர் திருப்புளியால் ஒரு சுரண்டுச் சுரண்ட, ஓரம் உதிர்ந்து விழுந்தது.

"ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்துறிங்க?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணி."

"அந்தத் தண்ணியிலயா சோறாக்குறிங்க?"

"ஆரு ஆக்குவா? வாயில வெக்க ஏலாது. உப்பு."

நானா துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அந்த மேசைக்கு முன்னால்தான் எனக்கு முழுக்க விளங்கியது. எங்கள் வீடு வாவியிலிருந்து நூறடி. கிணற்றுத் தண்ணீர் தென்னைக்கு ஆகும், சட்டி கழுவ ஆகும். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர், அதற்கு மாதாமாதம் பில். காருக்கு என்ன நாக்கா இருக்கிறது என்று பதினொரு வருடமாகக் காலையில் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை நானே, என் கையால், அக்கறையாக ஊற்றி வந்திருக்கிறேன். எங்கள் ஒழுங்கைத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது லேசில் வராத வேலை. வெட்கத்தில் காது சுட்டது.

"அத விடுங்க," என்றார் அவர். "தலைய மட்டும் மாத்தினா ஆறு மாசம் ஓடும். அடியும் அரிச்சிரிக்கி. எஞ்சினையே மாத்தணும். கொழும்பில பழைய எஞ்சின் ஒண்டு கேட்டு வெச்சிரிக்கன், நல்ல சாமான். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், மறுகா வேற ஆள் எடுத்திருவான். ஆனா மனச்சாட்சிக்கிச் சொல்றன் தங்கச்சி, எஞ்சினுக்கும் கூலிக்கும் போற காசுக்கும் இந்தக் காரு போற விலைக்கும் பெரிய வித்தியாசமில்ல. யோசிங்க."

வீட்டில் மருமகன் எனக்காக யோசித்தே முடித்துவிட்டார். அரசாங்க உத்தியோகத்தர், எதையும் போனில் தட்டிக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். நல்ல பிள்ளை.

"மாமி, எஞ்சின மாத்தினா நாளைக்கு கியர்பொக்ஸ். அது முடிய அடித்தகடு. ஓட்டைப் பானைக்குள்ள தண்ணி ஊத்துற கதை. வித்துப்போடுவம். தயிர் வேணுமெண்டா ஓட்டோ பிடிச்சு எடுப்பிப்பம். இல்லாட்டி, இவ்வளவு காலம் ஓடினது காணும் மாமி. பேத்தியோட இருங்க."

கணக்கில் பிழை இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அடுத்த நாளே ஒருவன் காரைப் பார்க்கக் கராச்சுக்கு வந்ததாக நானா போனில் சொன்னார். உடைத்துப் பாகம் பாகமாக விற்கிறவனாம். மருமகன்தான் நல்லெண்ணத்தில் யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறார். கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தானாம். என் கதவை. அன்றைக்கு நான் மருமகனோடு கதைக்கவில்லை. அப்பாவைச் சாப்பிட வரச்சொல் என்று பேத்தியிடம் சொல்லித்தான் சோறு போட்டேன்.

சரி, நியாயத்தையும் பார்ப்போம் என்று ஓட்டோ ஒன்று பிடித்தேன். ஓடியவர் தங்கமான மனிதர். வைக்கோல் போட்டோம், சாக்கு போட்டோம், நானும் நடுவில் இருந்து இரண்டு கையாலும் சட்டிகளை அணைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டோவின் மூன்று சில்லில் முன்னால் நடுச்சில்லு இருக்கிறதே, அது ஒரு குழியையும் விடாது; மற்ற இரண்டும் தப்பினாலும் அது போய் விழும். ரவுணில் முதல் கடையில் சட்டியின் வாயைக் கட்டியிருந்த கடதாசியை அவிழ்த்தால், தயிர் ஒரு பக்கம் தீவு மாதிரி நிற்கிறது, சுற்றிவரத் தண்ணீர்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில தயிருக்கு எவ்வளவு, தண்ணிக்கு எவ்வளவு?" என்று கேட்டார். பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒரு சட்டியை நான் திரும்ப ஓட்டோவில் ஏற்றினேன்.

தயிரைக் காரணம் சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. தயிரை விட்டால் நான் பட்டினி கிடக்கப் போவதில்லை. மகள் வீட்டில் சோறு இருக்கிறது. எனக்கு உண்மையில் என்ன பயம் என்று அந்த வாரம்தான் கண்டுகொண்டேன். கார் இல்லாத நாட்களில் பின்னறை ஜன்னலால் கிணற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "தேத்தண்ணி தரட்டா அம்மா" என்று மகள் மூன்றுதரம் கேட்டாள். வியாழக்கிழமை கரடியனாற்றுக்காரிக்குக் காசு கொடுக்கப் போக வேண்டியிருந்தது. மருமகன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "தம்பி, உங்களுக்கு நேரம் இருந்தா, கரைச்சல் இல்லாட்டி..." என்று தொடங்கினேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை. யாரோ ஒரு பாவப்பட்ட மனுசி என் வாயால் கதைப்பது போலிருந்தது. "கரைச்சல் என்ன மாமி, ஏறுங்க" என்றார் அவர். நான் ஏறவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் இருந்தே நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"எஞ்சின எடுங்க."

"வீட்டில கதைச்சிங்களா?"

"கார் என்ர பேரில நானா. வீடுதான் அவங்கட."

காசு எங்கிருந்து என்று மருமகன் அன்று பின்னேரம் கேட்டார். வங்கியில் நான் ஒரு காசு போட்டு வைத்திருந்தேன். என் செத்தவீட்டுச் செலவுக்கு. பெட்டி, பந்தல், எட்டாம் நாள் செலவு, முப்பத்தொண்டாம் நாள் செலவு, ஒன்றுக்கும் பிள்ளை கையில் கை வைக்கக்கூடாது என்று தயிர் விற்றுச் சேர்த்தது. அதைத்தான் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் வெளுத்துப் போனது.

"மாமி, அது ஆகாத வேலை. அந்தக் காச ஆராவது தொடுவாங்களா?"

"தம்பி, செத்தாப் பிறகு என்னை நாலு பேர் தூக்கித்தான் ஆகணும். விட்டுட்டா போவிங்க? உசிரோட இருக்கக்குள்ள என்னை ஆரும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாமெண்டுதான் இந்தக் காசு இப்ப போகுது."

அவர் போனை எடுத்துத் தட்டவில்லை. மகள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னோடு நிற்கவில்லையே என்று எனக்கு மனம் நொந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பெற்ற பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

எஞ்சின் வந்தது. ரேடியேட்டரும் மாறியது. நானா துரு ஏறாமலிருக்க ஒரு பச்சை நிறத் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு, "குறைஞ்சா நல்ல தண்ணி மட்டும். ஒங்கட கிணத்தக் காருக்குக் காட்டவும் வேணாம்," என்றார். எஞ்சின் சத்தம் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தால், வாசலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கான் இருக்கிறது, நிறையக் குழாய்த் தண்ணீரோடு. மருமகன் வைத்தது. நான் காணாத மாதிரி எடுத்துக் காருக்குள் வைத்தேன். அவரும் காணாத மாதிரிப் பேப்பர் பார்த்தார்.

முதல் ஓட்டத்துக்கு மகள் தானும் வருகிறேன் என்றாள். பள்ளிக்கூட லீவு நாள், ஆறு வயதுப் பேத்தியும் தொற்றிக்கொண்டாள். கரடியனாற்றில் சட்டிகளை ஏற்றும் முன், மகள் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது. பேத்தி எருமைக் கன்றைப் பார்க்க ஓடிப் போனாள்.

"அம்மா, இத எனக்கு ஓடப் பழக்குங்க."

"உனக்கென்னத்துக்கு? நீ கேட்டா உன்ர மனிசன் ஏத்திக்கொண்டு போறார்தானே," என்றேன். இருந்த மனக்குறை அதில் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

அவள் கன்றுக்குப் பக்கத்தில் நின்ற தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னும் இருபது வருசத்தில வீட்ட இவளுக்கு எழுதணும்தானே. மறுகா நானும் அந்தப் பின்னறைக்குத்தான் வாறது. வரக்குள்ள என்ர பேரில என்னம்மா இருக்கும்?"

அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நான் நொந்த அந்தப் பின்னேரம், குசினி வாசலில் நின்று அவள் தன் கணக்கைப் பார்த்திருக்கிறாள். என் கட்டிலைப் பின்னறைக்குத் தூக்கிய நாளிலிருந்தே பார்த்திருப்பாளோ தெரியாது. நான் வீட்டைக் கொடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வீட்டோடு அந்தப் பின்னறையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு நாளும் படவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, தயிர் ஏற்ற நேரமாகிவிட்டது. கானை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"முதல்ல பொனட்டத் திற," என்றேன். "எஞ்சின் ஆறிட்டா எண்டு தொட்டுப் பார். இந்தத் தண்ணியக் கொஞ்சம் குடிச்சுப் பார்த்துப்போட்டு ஊத்து."